பிக்கப்பை உயர்த்திய பின் வரும் அதிர்வு: அளந்து பார்த்துத் தீர்ப்பது எப்படி

கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலை, பெங்களூருச் சாலை, சேலம் சாலை மூன்றும் கூடுவதால் ஷாப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய்) வேலை பார்ப்பவனுக்குக் கஞ்சிக்குக் குறைவில்லை. முன்பு என் பட்டறைக்குக் கிரானைட் லாரிகள்தான் அதிகம் வரும். இப்போது தரையிலிருந்து உயரம் கூட்டிய, அதாவது உயர்த்திய பிக்கப்களும் வரிசையில் நிற்கின்றன. ராயக்கோட்டையில் தக்காளி போடுகிறவர், அஞ்செட்டிப் பக்கம் காட்டோரம் தோட்டம் வைத்திருப்பவர், ஓசூரில் கம்பெனி வேலையும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டமுகிலாளம் ஏறும் ஆசையும் கொண்ட இளைஞர் என்று ஆட்கள் பலவிதம். பேச்சு மட்டும் ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணா, எண்பதில் ஆடுகிறது. வீல் பேலன்ஸ் இரண்டு தடவை பார்த்துவிட்டேன், கிராஸும் மாற்றிவிட்டேன், அப்படியேதான் இருக்கிறது."

அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பொருள் வாங்குவதை நிறுத்துங்கள் என்பதுதான். வண்டியை உயர்த்துவதற்கு முன்பு அதிர்வில்லை, உயர்த்திய பிறகு வந்தது என்றால், பெரும்பாலும் எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை. பாகங்கள் நிற்கும் கோணம் மாறியிருக்கிறது. கோணத்தைப் பேலன்ஸ் இயந்திரத்தில் ஏற்ற முடியாது. அதை அளந்துதான் ஆக வேண்டும். அளக்கத் தேவையானது ஒரு காந்த கோணமானியும் அரை நாள் பொறுமையும்.

கிராஸ், அதாவது ஷாப்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டு, என்ன செய்கிறது என்று கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கியர்பாக்ஸிலிருந்து சுழற்சி நேராக வருகிறது. ஷாப்ட் சாய்ந்து நிற்கிறது. நடுவில் இருக்கும் கிராஸ் அந்தச் சாய்வைத் தாங்கிக்கொண்டு சுழற்சியைக் கடத்துகிறது, ஆனால் சீராகக் கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஷாப்ட் இரண்டு முறை சற்று வேகமாகவும் இரண்டு முறை சற்று மெதுவாகவும் ஓடுகிறது. கிராஸ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இது நடக்கும், இது அதன் இயல்பு. கோணம் 3 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 0.14 சதவீதம். 6 டிகிரி ஆனால் சுமார் 0.55. 10 டிகிரியில் ஒன்றரை சதவீதம். கோணம் இரண்டு மடங்கானால் தொல்லை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். மூன்று அங்குலம் உயர்த்திய வண்டி இரண்டு அங்குலம் உயர்த்தியதைவிட ஏன் அவ்வளவு மோசமாக ஆடுகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

பிறகு தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டி எப்படி ஆடாமல் ஓடுகிறது? ஷாப்டின் முன்முனைக் கிராஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின்முனைக் கிராஸ் அதே அளவில் எதிர்த்து அழித்துவிடுகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரு கிராஸ்களும் வேலை செய்யும் கோணம் சமமாக இருக்க வேண்டும். ஷாப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். முதலாவதைக் கெடுப்பது உயர்த்துபவர். இரண்டாவதைக் கெடுப்பது, ஷாப்டைக் கழற்றி அடையாளம் போடாமல் திரும்பச் சொருகுபவர்.

படுத்து அடியில் நுழைவதற்கு முன்பு வண்டியை ஓட்டிப் பாருங்கள். பாதி விடை சாலையிலேயே கிடைத்துவிடும். இங்கே காவேரிப்பட்டணம் வரை போய்த் திரும்பினால் போதுமானது. விடியற்காலையில் போனால் லாரிக் கூட்டம் குறைவு. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும். ஓட்டுகிறவர் ஓட்ட மட்டும் செய்யட்டும்.

எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் உச்சம், எதில் அடங்குகிறது என்று முதலில் குறியுங்கள். உச்ச வேகத்தைப் பிடித்துவிட்டால், அதே வேகத்தில் ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாறிப் பாருங்கள். இன்ஜின் சுற்று ஏறுகிறது, ஷாப்டும் சக்கரமும் அதே சுற்றில்தான் ஓடுகின்றன. அதிர்வு மாறாமல் நின்றால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தேட வேண்டும். மாறிவிட்டால் இன்ஜின், கிளட்ச், மவுண்ட் ரப்பர் இவற்றின் பக்கம் போங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கு அதிகம் உதவாது.

அடுத்து, ஆக்சிலரேட்டர் மிதி. மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்தவுடன் நின்றால் அது கோணத்தின் குரல். மிதிக்கும் வேளையில் பின் ஆக்ஸில் தன்னைத் தானே முறுக்கிக்கொள்ளும், பினியனின் (ஷாப்டின் சுழற்சியை ஆக்ஸிலுக்குள் வாங்கும் பல்சக்கரம்) மூக்கு மேலே எழும்பும், கோணம் இன்னும் மாறும். காலை எடுக்கும்போது மட்டும் உறுமினால் பினியன் பேரிங்கையும் சந்தேகியுங்கள். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி அதிர்ந்தால் டயர், ரிம், ஷாப்ட் பேலன்ஸ் ஆகியவற்றில் ஒன்று. நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது, 10 முதல் 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் வண்டி உதறிவிட்டு அப்புறம் சாதுவாகிவிட்டால், இரண்டு துண்டு ஷாப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் பக்கம் கை வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மிதியை விட்டுப் பார்க்கும் சோதனையைச் சிலர் தொப்பூர் இறக்கத்தில் செய்து பார்க்கிறார்கள், அதுவும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சாலையில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்பது இந்த இரு மாவட்டத்திலும் எல்லோருக்கும் தெரியும். சமதரையில் செய்தால் போதும். நியூட்ரல் தேவையே இல்லை.

எங்கள் பகுதியில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், சுமை போதும். மாங்காய்ப் பருவத்தில் கூழ் ஆலைக்குக் கிளிமூக்கு ஏற்றிப் போகும் பிக்கப்காரரிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: "லோடோடு ஆடுகிறதா, காலியாக வரும்போது ஆடுகிறதா?" சுமை ஏறினால் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் படிகின்றன, வண்டி தாழ்கிறது, ஷாப்டின் சாய்வு பழைய நிலையை நெருங்குகிறது. ஆகவே லோடில் அமைதி, காலியில் ஆட்டம் என்றால் கோணம்தான் என்று பத்தில் ஒன்பது பங்கு முடிவு செய்துவிடலாம். லோடில்தான் ஆட்டம் அதிகம் என்றால் தேய்ந்த கிராஸ், கிழிந்த சென்டர் பேரிங் ரப்பர், தளர்ந்த யு போல்ட் (பட்டையை ஆக்ஸிலோடு கட்டுவது), முறுக்கிக்கொள்ளும் மெல்லிய பட்டை ஆகியவற்றைப் பாருங்கள். மாங்காய் இல்லாத மாதமென்றால் மணல் மூட்டைகளைப் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே அடுக்கியும் பார்க்கலாம்.

கணக்குப் போடத் தயங்காதவர்களுக்கு இன்னொரு வழி. 245/70 ஆர் 16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.35 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 22.2 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு 9.4 சுற்று ஓடுகிறது. பின் ஆக்ஸில் விகிதம் 4.1 என்று வைத்துக்கொண்டால் ஷாப்ட் நொடிக்குச் சுமார் 39 சுற்று. கிராஸ் கோணத்தால் வரும் அதிர்வு சுற்றுக்கு இருமுறை என்பதால் நொடிக்கு 77 அளவில் இருக்கும். உங்கள் டயரும் விகிதமும் வேறாக இருந்தால் அந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். விகிதம் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

இந்த மூன்றையும் உடம்பே பிரித்துச் சொல்லும். நொடிக்கு ஒன்பது பத்து என்பது ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் குலுக்கலாகத் தெரியும், கொஞ்சம் முயன்றால் எண்ணிவிடலாம் போலிருக்கும். 39 என்பது கால் வைத்த தரைத் தகட்டில் நடுக்கம், பின்பார்க்கும் கண்ணாடியில் உருவம் கலங்கும். 77 கைக்குத் தெரிவதைவிடக் காதுக்குத்தான் அதிகம் தெரியும். கேபினுக்குள் ஒரு அடங்கிய முழக்கம், மிதிக்கு ஏற்றபடி கூடும், குறையும். கைபேசியில் அதிர்வை அளக்கும் செயலிகளும் இருக்கின்றன. சக்கர அதிர்வையும் ஷாப்ட் சுற்றையும் பிரிக்க அவை உதவும். பல கைபேசிகள் நொடிக்கு நூறு முறைதான் அளக்கும், அதனால் 50-க்கு மேல் அவை காட்டுவதை நம்ப வேண்டாம். முழக்கத்துக்குக் காதுதான் கருவி.

சக்கரம்தான் காரணம் என்று தோன்றினால் அதை விரைவில் முடித்துக்கொள்ளலாம். உயர்த்தியவர்கள் கூடவே தடித்த பற்களுள்ள சேற்று டயரும் போடுவார்கள். அந்த டயர் தானாகவே கொஞ்சம் ஆடும். நண்பரின் வண்டியிலிருந்து பழைய அளவு டயர்கள் நான்கையும் ரிம்மோடு வாங்கி மாட்டி ஒரு சுற்று வாருங்கள். அதிர்வு மறைந்தால் விடை கிடைத்துவிட்டது. மாறவில்லையானால் டயர் கடைக்கு மறுபடி பணம் கொடுக்க வேண்டாம். சக்கரம் வெளியே தள்ளி நிற்பதற்காக ஸ்பேசர் போட்டிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். ஹப்பின் நடுத்துளையில் சரியாக உட்காராத ஸ்பேசர் எத்தனை பேலன்ஸ் செய்தாலும் ஆடும்.

இனி அடியில் நுழைவோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். குழி இருந்தால் குழி, இல்லையென்றால் சக்கரங்களே ஏறி நிற்கும் ராம்ப். சக்கரங்கள் தரையிலோ ராம்பிலோ நின்று வண்டியின் எடையைத் தாங்க வேண்டும் என்பது பாதுகாப்புக்கு மட்டும் சொல்வதில்லை. ஆக்ஸில் தொங்கினால் நீங்கள் அளக்கும் கோணம் எதுவும் சாலையில் உள்ள கோணமாக இருக்காது. நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். ஷாப்டைக் கழற்றினால் கியரில் போட்டிருப்பது வண்டியைப் பிடித்து நிறுத்தாது என்பதைப் பலர் வண்டி நகர்ந்த பிறகுதான் நினைக்கிறார்கள்.

முதலில் கண்ணும் கையும். ஒவ்வொரு கிராஸின் கிண்ணத்தைச் சுற்றியும் செம்மண் நிறத்தில் பொடி படிந்திருக்கிறதா? எங்கள் ஊர் மண்ணே அந்த நிறம் என்பதால் துடைத்துவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி பாருங்கள். கிண்ணத்தின் விளிம்பில் மட்டும் திரும்ப வந்தால் அது கிரீஸ் வற்றிய ஊசி பேரிங்கின் துரு. ஷாப்டை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், கிராஸில் எந்த ஆட்டமும் கூடாது. முன்னும் பின்னும் சுழற்றும்போது ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தில் கொஞ்சம் தளர்வு இருப்பது இயற்கை. பினியன் பிளாஞ்ச் (ஷாப்டை மாட்டும் தட்டு) மேலும் கீழும் ஆடினால் அது இயற்கை இல்லை. சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா, கியர்பாக்ஸ் மவுண்ட் படிந்துபோய்விட்டதா, ஷாப்ட் குழாயில் கல் அடித்த நெளிவு உண்டா, ஒட்டியிருந்த பேலன்ஸ் தகடு விழுந்த வடு தெரிகிறதா என்று பாருங்கள். உலர்ந்து ஒட்டிய சேற்றுக் கட்டி ஒன்றே போதும் ஷாப்டை ஆட்ட. முதலில் கழுவிவிட்டு வாருங்கள் என்று நான் அனுப்பி, கழுவியதோடு பிரச்சினை தீர்ந்து திரும்பி வராதவர்களும் உண்டு.

உயர்த்திய வண்டியில் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று, ஷாப்டை நீண்டு சுருங்க விடும் பல் இணைப்பான ஸ்பிளைன். ஆக்ஸில் கீழே போனதால் ஷாப்ட் நீண்டிருக்கும். உள்ளே இருக்கும் பற்களின் நீளம் குறைந்தால் ஷாப்ட் அந்த இடத்தில் வளைந்து ஆடும். எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதைப் பழைய கிரீஸ் தடமே காட்டும்.

இப்போது கோணம். இதை அவசரப்படாமல் செய்யுங்கள். மூன்று இடங்களில் அளக்க வேண்டும்: கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் பிளாஞ்ச், ஷாப்ட் குழாய், பினியன் பிளாஞ்ச். காந்தம் உள்ள டிஜிட்டல் கோணமானி இருந்தால் நல்லது. கொத்தனாரின் ரசமட்டத்தையும் கைபேசியையும் சேர்த்துக்கூட ஒப்பேற்றலாம், ஆனால் அரை டிகிரிக்குப் பொறுப்பேற்க முடியாது. பிளாஞ்சின் செங்குத்தான முகத்தில் வைத்தால், 90-லிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுவே கோணம். பெயின்ட், துரு, வெல்டிங் மணி எதன் மீதும் கோணமானியை வைக்காதீர்கள். கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு வையுங்கள். டேங்கில் வழக்கமான அளவு டீசல், பின்னால் நீங்கள் வழக்கமாக வைத்திருக்கும் சாமான் இருக்கட்டும்.

தரை துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும் என்று தேடி அலைபவர்கள் உண்டு. தேவையில்லை. தரை ஒரு டிகிரி சரிந்திருந்தால் மூன்று அளவுகளிலும் அதே ஒரு டிகிரி சேரும், கழிக்கும்போது போய்விடும். மூன்று அளவும் எடுத்து முடியும்வரை வண்டி அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் பின்பக்கம் தாழ்கிறதா, உயர்கிறதா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதித் திசையை விட்டுவிட்டால் மொத்த வேலையும் வீண்.

ஒரே துண்டு ஷாப்ட் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி தாழ்கிறது. ஷாப்ட் 8 டிகிரி தாழ்கிறது. கழித்தால் முன் கிராஸ் 5 டிகிரியில் வேலை செய்கிறது. பினியனும் பின்னோக்கி 3 டிகிரி தாழ்ந்திருந்தால், அதாவது மூக்கு 3 டிகிரி மேலே பார்த்தால், பின் கிராஸும் 5 டிகிரி. இரண்டும் சமம், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்த வண்டியைப் பார்த்து, "ஷாப்ட் ரொம்பச் சாய்ந்திருக்கிறது, பினியன் மூக்கை கியர்பாக்ஸ் பக்கம் திருப்பிவிடுவோம்" என்று யாரோ பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே 4 டிகிரி ஆப்புத் தகடு செருகுகிறார்கள். பினியன் இப்போது 7 டிகிரி. பின் கிராஸ் கோணம் 1. கண்ணுக்கு அழகாக, ஷாப்டும் பினியனும் நேர்க்கோட்டில் வந்ததுபோல் தெரியும். முன்னே 5, பின்னே 1. எதிர்க்க ஆளில்லாமல் முன் கிராஸின் ஆட்டம் முழுவதும் உங்கள் இருக்கைக்கு வந்து சேரும். எனக்கு வரும் வண்டிகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஆப்பு செருகப்பட்டவை. உயர்த்தியதால் வந்த அதிர்வைவிட, அதைத் தீர்க்கப் போட்ட ஆப்பினால் வந்த அதிர்வுதான் பெரிது.

மூக்கைக் கியர்பாக்ஸ் பக்கம் திருப்புவது சரியாக இருக்கும் வண்டிகளும் உண்டு. ஷாப்டின் முன்முனையில் இரண்டு கிராஸ்கள் அடுத்தடுத்து நடுவில் ஒரு கூட்டோடு இருந்தால், அந்த ஜோடி தன் ஆட்டத்தைத் தானே அழித்துக்கொள்ளும். அப்போது பின் கிராஸுக்குக் கோணமே அதிகம் இருக்கக்கூடாது, மூக்கு ஷாப்டை நோக்கி, ஓரிரு டிகிரி தாழ்ந்து நிற்க வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுவது பெரும்பாலும் இந்த வகை. அதைப் பார்த்துவிட்டு ஒற்றைக் கிராஸ் வண்டிக்கு அதே வேலையைச் செய்தால் மேலே சொன்ன கதைதான்.

எந்த அளவு வரை பொறுக்கலாம்? ஒவ்வொரு கிராஸும் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. முன் பின் வித்தியாசம் 1 டிகிரியைத் தாண்டக் கூடாது. எந்தக் கிராஸின் கோணமும் அரை டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, ஏனென்றால் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும். 3 டிகிரி என்பதும் வேகத்தைப் பொறுத்தது. ஷாப்ட் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடினால் 3-க்குச் சற்று மேல்தான் உச்சவரம்பு. 3000 சுற்றென்றால் 6-ஐ நெருங்கும்வரை தாங்கும். மேலே கணக்கிட்ட வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் 2900 சுற்றுதான் ஓடுகிறது, ஆகவே 4 டிகிரியில் நின்றாலும் பிழைத்துக்கொள்ளும். இன்னொன்று, மிதிக்கும்போது மூக்கு எழும்பும் என்று சொன்னேன் அல்லவா? பட்டை வண்டியில் அதற்காக நிற்கும்போதே மூக்கை ஒரு டிகிரி தாழ வைப்பது வழக்கம். ஓடும்போது அது சமமாகிவிடும்.

நீளமான பிக்கப்களில் ஷாப்ட் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும். அப்போது அளவு நான்கு, கிராஸ் மூன்று. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று எதிர்க்க வேண்டும். முதலாவதற்கு எதிராளி கிடையாது, அதனால் அது அரையிலிருந்து ஒன்றரை டிகிரிக்குள் அடங்கி இருக்க வேண்டும். ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவரின் இரட்டைக் கேபின் பிக்கப்பை வைத்துச் சொல்கிறேன். வெளியூரில் பின்னால் உயரத்துக்காகப் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே 3 அங்குல பிளாக்கும் 4 டிகிரி ஆப்பும் வைத்து அனுப்பியிருந்தார்கள். தக்காளிக் கூடைகள் ஏற்றிச் சந்தைக்குப் போகும்போது பேசாமல் போகும், காலியாகத் திரும்பும்போது கேபினில் பேச்சுக் கேட்காது.

அளந்தோம். கியர்பாக்ஸ் 4, முன் துண்டு 4.5, பின் துண்டு 10.5, பினியன் 8.5, எல்லாம் பின்னோக்கித் தாழ்வு. கிராஸ் கோணங்கள் முறையே 0.5, 6, 2. முதல் கிராஸ் நல்ல பிள்ளை. இரண்டாவதும் மூன்றாவதும் 4 டிகிரி வித்தியாசத்தில் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. ஆப்பை எடுத்துவிட்டோம். 3 அங்குல பிளாக்கை 2 அங்குலமாக்கினோம், அதற்கு அவர் முகம் சுளித்தார். சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் வண்டியின் சேஸி சட்டத்துக்கும் நடுவே லேத் பட்டறையில் கடைந்த 18 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்துப் பேரிங்கைக் கீழே இறக்கினோம். மறுபடி அளந்தபோது 4, 5.5, 9.3, 4.5. கிராஸ்கள் 1.5, 3.8, 4.8. மிதிக்கும்போது மூக்கு ஒரு டிகிரி எழும்பினால் கடைசி இரண்டும் 3.8-ல் சந்தித்துக்கொள்ளும். புதுக் கிராஸ் ஒன்றுகூடப் போடவில்லை.

சென்டர் பேரிங்கை இறக்குவது, கிளம்பும்போது வரும் உதறலுக்கும் நல்ல மருந்து. ஆனால் தேவைக்கு மேல் இறக்கினால் முதல் கிராஸின் கோணம் ஏறி, எதிராளி இல்லாத அந்த ஆட்டம் புதிதாகத் தொடங்கும். ஐந்து ஐந்து மில்லிமீட்டராக வாஷர் வைத்துச் சோதித்துவிட்டு, பொருந்திய அளவுக்கு ஸ்பேசர் கடைந்துகொள்ளுங்கள்.

ஆப்பு போட்டே ஆக வேண்டிய வண்டிகளும் இருக்கின்றன. பட்டையின் பின்முனையைச் சேஸியோடு சேர்க்கும் ஷேக்கிளை நீளமானதாக மாட்டி உயர்த்தியவர்களுக்கு அந்த முனை சேஸியிலிருந்து தாழ்வதால் மூக்கு தானாகவே மேலே திரும்பியிருக்கும், அதைக் கீழே கொண்டுவர வேண்டியிருக்கும். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உட்காரும் வண்டியில், ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் இருந்தால் மூக்கு இறங்கும், பின்னால் இருந்தால் மூக்கு ஏறும். பட்டை கீழே இருக்கும் வண்டிக்கு நேர் எதிர். எஃகு ஆப்பு வாங்குங்கள். அலுமினியம் சுமை வண்டியில் நொறுங்கிப்போகும். ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப நீளமான சென்டர் போல்ட் போட வேண்டும், அதன் தலை ஆக்ஸில் துளையில் முழுதாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் லோடில் ஆக்ஸிலே நகர்ந்து கோணலாகும். கழற்றிய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், அது ஒருமுறை நீண்டுவிட்டது. பிளாக்குக்கு மேல் பிளாக் அடுக்குகிறவர்களிடம் நான் பேசுவதே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீராத நான்கு சக்கர இயக்க வண்டிக்கு ஒரு கடைசிச் சோதனை: பின் ஷாப்டைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்தால் மட்டும் ஓட்டிப் பார்ப்பது. அதிர்வு போய்விட்டால் குற்றவாளி கழற்றிய ஷாப்டோ அதன் கோணமோ. போகவில்லையென்றால் முன்பக்கம் அல்லது சக்கரம். ஷாப்டின் முன்முனை டிரான்ஸ்பர் கேஸுக்குள் (சுழற்சியை முன்னும் பின்னும் பிரிக்கும் பெட்டி) சொருகும் வகையாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள், ஆயில் முழுக்க வெளியே வந்துவிடும். போல்ட் போட்ட பிளாஞ்ச் வகைக்கு மட்டும்தான் இது. கழற்றும் முன் பிளாஞ்சிலும் ஸ்பிளைனிலும் வெள்ளை பெயின்ட்டால் கோடு போடுங்கள். சுமையில்லாமல், மிதமாக மிதித்து ஓட்டுங்கள்.

முன்பக்கம் தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை முன்னாலும் உயர்த்தியிருந்தால் முன் ஆக்ஸில் ஷாப்ட்களின் கோணமும் ஏறியிருக்கும். ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா, கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். மிதிக்கும்போது முன்பக்கம் பக்கவாட்டில் உதறினால் அங்கேதான். அதற்கு முன்பக்கத்தை ஒரு அங்குலம் இறக்குவதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

ஷாப்ட் பேலன்ஸை ஏன் கடைசியில் வைத்தேன் என்று கேட்கலாம். கோணம் கெட்ட வண்டியில் பேலன்ஸ் பார்த்தால் பணம் போவதோடு, எது குணமாக்கியது என்ற கணக்கும் குழம்பிவிடும். கோணங்கள் எல்லாம் எல்லைக்குள் வந்து, மிதித்தாலும் விட்டாலும் ஷாப்டின் சுற்றுக்கு ஒருமுறை வரும் நடுக்கம் மட்டும் மிச்சமிருந்தால், அப்போது ஷாப்டைக் கழற்றிப் பேலன்ஸ் இயந்திரத்தில் போடுங்கள். புதுக் கிராஸ் மாட்டிய பிறகு, அந்தக் கிராஸோடு சேர்த்துப் போடுங்கள். ஹோஸ் கிளாம்ப் இரண்டைக் குழாயில் மாட்டி, தலைகளைத் திருப்பித் திருப்பி எடையைத் தேடும் முறையும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சாலையில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் செய்யலாம். ஆக்ஸிலைத் தூக்கி நிறுத்தி, கியரில் ஓட்டிக்கொண்டே அடியில் எட்டிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். ஆக்ஸில் தொங்கும்போது கோணமும் தவறு, சுற்றும் ஷாப்டுக்கு லுங்கி நுனி போதும்.

சட்டம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. சோதனைச் சாவடியில் கேட்பார்கள், விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரரும் கேட்பார். அஞ்செட்டிக் காட்டுப் பாதைக்கும் வத்தல்மலைக்கும் கூடுதல் உயரம் இல்லாமலே போய்வருகிறவர்கள் தினமும் என் கண்முன் போகிறார்கள். உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் 2 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. அதற்கு மேல் போகிறவர் ஷாப்ட் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடட்டும்.

வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்சால், சக்கரம் தரையில் நிற்கும்போதே, மறுபடி இறுக்குங்கள். புதுப் பட்டை சில மாதங்களில் படியும். ஒரு மாங்காய்ப் பருவம் முடிந்த பிறகு எல்லாக் கோணங்களையும் மறுபடி அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே தேதியோடு எழுதுங்கள். நான் கதவின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், காகிதத்தை யாரும் பத்திரமாக வைப்பதில்லை.